கொழும்பில் பேசினால் கோவில்பட்டியில் கேட்டது எப்படி?

2024 பிப்ரவரி 20 அன்று இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி காலமானபோது வந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை அவரை ‘ரேடியோ சிலோன் புகழ்’ என்றே குறிப்பிட்டன. இளம் வாசகர்கள் பலருக்கு அங்கேயே ஒரு குழப்பம். மும்பையில் பிறந்து, மும்பையிலேயே வாழ்ந்து, இந்தியில் பேசிய ஒருவருக்கு இலங்கை வானொலி எப்படி அடையாளம் ஆனது?

தமிழில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். இலங்கை வானொலியில் முப்பது நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய அறிவிப்பாளர்கள் தங்கள் காலத்தைத் திரும்பிப் பார்த்துப் பேசும்போது, தமிழ்நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த நேயர் கடிதங்களைச் சொல்லாமல் விடுவதில்லை. கேட்பவர் மனதில் ஒரு கணக்கு இடிக்கும். இன்றைய எஃப்.எம். ஊரைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் போவதற்குள் கரகரக்கிறது. கொழும்பிலிருந்து கோவில்பட்டி நேர்க்கோட்டில் சுமார் 330 கி.மீ.; நடுவில் கடல் வேறு. அப்படியிருக்க, உள்ளூர் நிலையத்தைவிட அந்நிய நாட்டு நிலையம் எப்படித் தெளிவாகக் கேட்டது?

“அந்தக் குரல்கள் அப்படி” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். குரல் உண்மைதான். ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியில் இயற்பியல் இருக்கிறது, ஒரு போர் இருக்கிறது, டெல்லியில் ஓர் அமைச்சர் எடுத்த முடிவு இருக்கிறது, பற்பசை விற்ற காசும் இருக்கிறது.

முதலில் அலை

பழைய வானொலிப் பெட்டியின் கண்ணாடியில் 25, 31, 41 என்று எண்கள் இருக்கும். அவை மீட்டர்கள். அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள நீளம். நொடிக்கு எத்தனை அலை என்பது அதிர்வெண். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம் அலை) கணக்கிலுள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைத்துவிடும். 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் 25 மீட்டர். 100 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் எஃப்.எம். நிலையத்தின் அலை வெறும் 3 மீட்டர்.

நீளம் மாறினால் அலை பயணம் செய்யும் விதமே மாறிவிடும்.

1. பண்பலை, அதாவது எஃப்.எம்.: ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போகும். பூமி வளைந்து மறைந்ததும் அலையும் மறைந்துவிடும். 100 மீட்டர் கோபுரம் என்றால் அடிவானம் சுமார் 40 கி.மீ. வாங்கும் பெட்டி மாடியில் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒலி சுத்தம், எல்லை சிறியது.

2. மத்திய அலை: ஏறத்தாழ 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை. தரையை ஒட்டியே, பூமியின் வளைவோடு வளைந்து போகும். எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கோபுரத்தின் உயரத்தைவிட, கீழே இருப்பது என்ன என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. வறண்ட நிலம் அலையை உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்சாரத்தை நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்துவதால், கடல்மேல் அதே அலை சோர்வில்லாமல் ஓடும். மன்னார் வளைகுடா நடுவில் கிடந்தது தடை அல்ல, நெடுஞ்சாலை. புத்தளத்தில் நிற்கும் மத்திய அலைக் கோபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே சுமார் 150 கி.மீ. தூரம்தான், அதில் பெரும்பகுதி தண்ணீர். தூத்துக்குடியிலிருந்து அகில இந்திய வானொலி 200 கிலோவாட் ஆற்றலில் 1053 கிலோஹெர்ட்ஸில் இலங்கையை நோக்கி ஒலிபரப்பியதும் இதே சாலையில் எதிர்த்திசைப் பயணம்தான்.

3. சிற்றலை: 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ். இது தரையை நம்புவதில்லை. மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, திரும்ப இறங்கும். அந்த மண்டலம் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மெல்லிய காற்று. அலையை மடக்கி அனுப்பும் முக்கிய அடுக்கு தரையிலிருந்து 250, 300 கி.மீ. உயரத்தில் இருக்கும்.

சிற்றலையில் ஒரு வேடிக்கை உண்டு. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல், செங்குத்தாகப் போகும் அலை மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சாய்வாகப் போவது மட்டும் திரும்பும். அதனால் நிலையத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒன்றும் கேட்காது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அமர்க்களமாகக் கேட்கும். பகலில் அருகிலுள்ள இடங்களுக்கு 41 மீட்டர் போன்ற நீண்ட அலையும், தொலைதூரத்துக்கு 25 மீட்டர் போன்ற குறுகிய அலையும் ஏற்றவை என்பது பொதுக் கணக்கு. தமிழ்நாட்டுக்கு ஓர் அலைவரிசை, வட இந்தியாவுக்கு வேறு அலைவரிசை என்று பிரித்துக்கொள்ள இது வழிவிட்டது.

மாலை ஆனால் மத்திய அலைக்கும் சிறகு முளைக்கும். பகலில் அதை உறிஞ்சிக்கொள்ளும் கீழ் அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துபோக, அதுவும் மேலே பட்டுத் திரும்பத் தொடங்கும். பகலில் கேட்காத ஊரின் நிலையம் இரவில் திடீரென்று பெட்டிக்குள் நுழைவது இதனால்தான்.

போர் விட்டுப்போன கருவி

இயற்பியல் எல்லோருக்கும் பொது. கொழும்புக்கு மட்டும் என்ன தனி வாய்ப்பு?

கொழும்பு நிலையம் 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. தொடங்கியவர் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர். முதல் சோதனை ஒலிபரப்புக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைப் பயன்படுத்தினார் என்பது இலங்கை வானொலியின் வரலாற்றில் எப்போதும் சொல்லப்படும் செய்தி. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தது 1938-இல், திருச்சி 1939-இல். ஆனால் ‘முதலில் வந்தது’ என்பதால் மட்டும் கடல் தாண்டிவிட முடியாது. தொடக்க கால ஆற்றல் மிகச் சிறியது.

திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத்தலைமை இலங்கையைத் தளமாக்கிக்கொண்டது. பர்மா முதல் சிங்கப்பூர் வரை பரவிக்கிடந்த துருப்புகளுக்காக ‘ரேடியோ சியாக்’ என்ற நிலையம் உருவானது. அதற்காக ஜா-எல பக்கத்தில் ஏக்கலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. அந்தக் காலத்துக்கு, அந்தச் சின்னத் தீவுக்கு, அது யானைக் கருவி. அது முழு வீச்சில் வேலை செய்யத் தொடங்குவதற்குள் போரும் முடிந்துவிட்டது. துருப்புகள் ஊர் திரும்பின. ஒலிபரப்பி திரும்பவில்லை. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது.

ஆக, தன் மக்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரிய குரல்வளை ஒன்று ஒரு சிறு நாட்டுக்குக் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது? 1950 செப்டம்பர் 30 அன்று ரேடியோ சிலோன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதைக் கட்டி எழுப்பினார். பேச்சு, பாட்டு, விளம்பரம் என்று ஓடும் வானொலி. இந்தியாவில் அப்போது அப்படி ஒன்று கிடையாது.

டெல்லி அடைத்த கதவு

1952-இல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதம் கற்றவர். வானொலி மக்களின் ரசனையை உயர்த்த வேண்டும், சினிமாப் பாட்டு அதைக் கெடுக்கிறது என்பது அவர் நிலை. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் நேரம் சுருக்கப்பட்டது. பாடலோடு படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் என்று சொல்லி அதையும் நிறுத்தினார்கள். பெயர்கூடச் சொல்லாவிட்டால் பாட்டு எதற்கு என்று தயாரிப்பாளர்கள் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் திரைப்பாடல் அரசு வானொலியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது.

அமைச்சர் நினைத்தது, மக்கள் கச்சேரி கேட்பார்கள் என்று. மக்கள் செய்தது, குமிழைத் திருகியது.

கேஸ்கரை வெறும் வில்லனாகச் சித்திரிப்பது எளிது. அது முழு நியாயம் அல்ல. அவர் பதவியிலிருந்த பத்தாண்டுகளில் கர்நாடக, இந்துஸ்தானிக் கலைஞர்கள் பலருக்கு வானொலி நிலையம் நிரந்தரப் புரவலர் ஆனது. சமஸ்தானங்கள் போனபின் அவர்களுக்கு அப்படி ஒரு கூரை அவசியமாக இருந்தது. ஆனால் ஒரு கையால் கொடுத்தவர், மறுகையால் கோடிக்கணக்கான நேயர்களைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார் என்பதும் உண்மை.

தவறு புரிந்து டெல்லி, அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-இல். அதில் விளம்பரம் வந்தது 1967-இல்தான். அதற்குள் ஒரு தலைமுறைக்கு இலங்கை பழகிவிட்டது.

காசு எங்கிருந்து வந்தது

சயானி புதிருக்கு விடை இங்கே இருக்கிறது.

1950-களில் இந்தியாவில் சோப்பு, பற்பசை, தைலம் விற்ற நிறுவனங்களுக்கு வானொலியில் விளம்பரம் செய்ய ஆசை. அகில இந்திய வானொலி விளம்பரமே வாங்காது. கொழும்பு வாங்கும், அதன் அலை இந்தியா முழுக்கப் போகும். எனவே நிறுவனம் காசு கொடுக்கும், மும்பையில் நிகழ்ச்சி ஒலிப்பதிவு ஆகும், நாடா விமானத்தில் கொழும்பு போகும், அங்கிருந்து சிற்றலையில் இந்தியாவுக்கே திரும்பி வரும். 1952 டிசம்பரில் தொடங்கிய, சயானி நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி இப்படி ஒலித்ததுதான். பினாக்கா ஒரு பற்பசையின் பெயர். சயானி கொழும்பில் குடியிருக்கவில்லை. அவர் குரல்தான் வாராவாரம் அங்கே போய்வந்தது. அந்த நிகழ்ச்சி விவித் பாரதிக்கு மாறியபோது ஆண்டு 1989.

தமிழ் ஒலிபரப்பு வேறு மாதிரி. அறிவிப்பாளர்கள் கொழும்பிலேயே இருந்தவர்கள், இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள். 1950-களில் எஸ்.பி. மயில்வாகனம் முன்னோடி. பிறகு ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று நீளும் வரிசை. ‘பொங்கும் பூம்புனல்’ காலை நேரத்தின் அடையாளமானது. அப்துல் ஹமீத் வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னால் தொலைக்காட்சி வரை வந்தது.

கடிதங்களின் பயனும் இந்த இடத்தில்தான் விளங்கும். இன்றுபோல் ஒழுங்கான கேட்போர் கணக்கெடுப்பு இல்லாத காலம். “உங்கள் விளம்பரத்தை எத்தனை பேர் கேட்டார்கள்?” என்று கேட்கும் நிறுவனத்துக்குக் காட்ட அஞ்சலட்டைகளே சான்று. ‘நேயர் விருப்பம்’, பிறந்தநாள் வாழ்த்து, போட்டி என்று கடிதம் எழுதவைக்கும் நிகழ்ச்சிகள் பெருகியதில் பாசமும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. அறிவிப்பாளர்கள் அந்தப் பாசத்தை நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு நேரம் ஒதுக்கியது வர்த்தக சேவை.

அந்தக் குரல் ஏன் அப்படி இருந்தது

இதுதான் அதிகம் பேசப்படாத பகுதி. பழைய அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைப் புகழ்பவர்கள் அதைத் தமிழ்ப்பற்று, பயிற்சி என்று மட்டும் விளக்குகிறார்கள். அலையும் ஓர் ஆசிரியர்.

மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். சிற்றலையில் 5. இந்த நெருக்கடியில், பக்கத்து நிலையத்தின் இரைச்சல் நுழையாமல் ஒரு பெட்டி கொடுக்கக்கூடிய ஒலி சுமார் 4,500, 5,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மனிதக் காது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வரை கேட்கும். எஃப்.எம். 15,000 வரை தருகிறது. வெட்டுப்படும் மேல்பகுதியில்தான் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளின் கூர்மை இருக்கிறது. அதனால் சாதாரணமாகப் பேசினால் சொல்லின் ஓரங்கள் மழுங்கிப்போகும்.

சிற்றலையில் இன்னொரு தொல்லை: அலை இரண்டு வழிகளில் வந்து சேர்ந்து, சில நொடிகள் ஒன்றையொன்று கூட்டி, சில நொடிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலி ஊஞ்சல்போல் வந்து வந்து போகும். அது எந்தச் சொல்லை விழுங்கும் என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட குழாய் வழியாக ஒரு பாடலின் பெயரை அனுப்ப வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?

முதலில், மெய்யெழுத்துகளை முழுதாக உச்சரிப்பீர்கள். சொல்லின் கடைசி அசையை விழுங்க மாட்டீர்கள். பெயர்களைப் பாட்டுக்கு முன்னும் பின்னும் இருமுறை சொல்வீர்கள்; ஒன்று அமிழ்ந்தாலும் மற்றது கரையேறும். நிலையத்தின் பெயரை அடிக்கடி சொல்வீர்கள், ஏனென்றால் குமிழைத் திருகிக்கொண்டே வருபவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. “இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்” என்று நீட்டி முழங்கிய அந்தப் பெயர், கூட்டத்தில் கையைத் தூக்கிக் காட்டுவதுபோல. (1967-இல் நிலையம் கூட்டுத்தாபனம் ஆனது, இலங்கை குடியரசானபோது 1972-இல் பெயரில் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது.)

வேகம் குறைய வேண்டும் என்பதுகூடக் கட்டாயம் இல்லை. கே.எஸ். ராஜாவின் பேச்சு குதிரை வேகம். ஆனாலும் ஒரு சொல் இன்னொன்றின் காலை மிதிக்காது. வேகத்தைவிட, சொற்களுக்கு இடையிலுள்ள எல்லைக்கோடுதான் அந்தக் குழாய்க்கு முக்கியம்.

இலங்கைத் தமிழின் ஒலி தமிழ்நாட்டுக் காதுக்குப் புதிதாக இருந்ததும் இதோடு சேர்ந்துகொண்டது. ல, ள, ழ வேறுபாடு விழாமல் வந்தது. அந்த எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், அலை அவற்றைச் சேதமில்லாமல் கடத்தியது. நல்ல தமிழ் என்று நேயர்கள் கொண்டாடியதில், அந்தக் குறுகிய குழாயில் தப்பிப் பிழைக்கக்கூடிய தமிழ் என்ற குணமும் கலந்திருக்கிறது.

இன்றைய பண்பலை அறிவிப்பாளர்களைப் பார்த்து “இவர்களுக்குத் தமிழ் உச்சரிக்கத் தெரியவில்லை” என்று சலித்துக்கொள்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெருமூச்சு, சிரிப்பு, முணுமுணுப்பு எல்லாவற்றையும் எஃப்.எம். கொண்டுசேர்த்துவிடும். காதருகே பேசுவதுபோல் பேசலாம். அலை கண்டிக்காதபோது நாக்கு சோம்பேறியாவது இயல்பு. (அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று சொல்லவில்லை.)

கலைந்த விதம்

இலங்கை வானொலியின் செல்வாக்கு கலைந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி வந்தது. 1980-களில் கேசட் வந்தது. விரும்பிய பாட்டைக் கேட்க இனி யாருக்கும் அஞ்சலட்டை எழுத வேண்டியதில்லை. 1983 ஜூலைக்குப் பின் இலங்கையில் போர். தமிழ் அறிவிப்பாளர்கள் சிலர் லண்டனுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறினார்கள். கே.எஸ். ராஜா 1994-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். 1990-களில் இலங்கையிலும், 2001 முதல் இந்தியாவிலும் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தன.

சிற்றலைக்கு மின்கட்டணமே பெரும் சுமை. 100 கிலோவாட் அலையை வெளியே அனுப்ப, அதைவிடக் கணிசமாக அதிக மின்சாரத்தை உள்ளே இழுக்க வேண்டும், நாள் முழுக்க. கேட்பவர் கைப்பேசிக்கு மாறியபின் அந்தச் செலவுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றதும் இந்தப் பெரிய அலையின் ஒரு பகுதியே.

பதிவு ஏன் இல்லை

ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் ஒருவரிடம் “உங்கள் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் காட்டுங்களேன்” என்று கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார். நாற்பது ஆண்டு உழைப்புக்கு நாற்பது நிமிடப் பதிவுகூடத் தேறாது. இது அலட்சியம் மட்டும்தானா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நிலையங்களில் ஒலிநாடா சக்கரமாக வரும். பெரிய சக்கரத்தில் 2,400 அடி நாடா. நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 64 நிமிடம். நாளுக்கு 16 மணி நேரம் ஒலிபரப்பும் நிலையம் எல்லாவற்றையும் பதிவுசெய்து வைக்க வேண்டுமென்றால் 15 சக்கரங்கள் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500. நல்ல தரத்துக்காக வேகத்தை இரட்டித்தால் 11,000. ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கியது. வெப்பமும் ஈரமும் நிறைந்த கொழும்பிலோ சென்னையிலோ அதைப் பூஞ்சை பிடிக்காமல் காக்கக் குளிரூட்டிய அறை வேண்டும்.

எனவே நாடகம், நேர்காணல், இசைக் கச்சேரி என்று முன்கூட்டிப் பதிவானவற்றில் சில தங்கின. பல நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டன. நேரடியாகப் பேசிய அறிவிப்புகள் பதிவாகவே இல்லை. பாட்டுகள் இசைத்தட்டில் இருந்தன, அவற்றுக்குக் களஞ்சியம் இருந்தது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வந்த அந்த அரை நிமிடப் பேச்சைச் சேமிக்க வேண்டிய பொருளாக அன்று எவரும் கருதவில்லை.

இப்போது இணையத்தில் கிடைக்கும் பழைய துணுக்குகளில் பல, நேயர்கள் வீட்டில் கேசட்டில் பிடித்தவை. அதிலும் ஒரு சிக்கல். கேசட் போட்டவருக்கு வேண்டியது பாட்டு. அறிவிப்பாளர் பேசி முடிக்கும்வரை விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்து, இசை தொடங்கியதும் அமுக்கினார். பாட்டு முடிந்து குரல் வந்ததும் நிறுத்தினார். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ அமுக்கியவர்களின் கேசட்டுகளில் மட்டும், பாட்டின் தலையிலும் வாலிலும், அந்தக் குரல்கள் பாதிச் சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.